கியர் பொக்ஸ் பழுதுக்கு நட்டஈடு கோருவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை வாகன உரிமையாளர்களுக்கு

புதிதாக வாங்கிய காரின் கியர் பொக்ஸ் 9,000 கிலோமீற்றரில் கைவிட்டது. அதற்குரிய பரிகாரம் கிடைக்க எனக்கு ஏழு மாதங்கள் சென்றன. அவற்றில் மூன்று மாதங்களாவது, எதை யாரிடம் எப்போது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததால் வீணானவை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்த பின்னர் எங்கள் பக்கத்திலும் பலர் லீசிங் எடுத்து வாகனம் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது அந்த மூன்று மாதங்கள் மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்லன். கோரிக்கைத் தொகை பெரிதாக இருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் ஆலோசித்த பின்னரே கடிதங்களை அனுப்புங்கள்.

1. முதல் நடுக்கத்தையே எழுத்தில் அறிவியுங்கள்

கியர் பொக்ஸ் ஒரே நாளில் போய்விடுவதில்லை. வாரக்கணக்கில் அறிகுறி காட்டும். சீவீடி (CVT) என்ற ஒட்டோ கியர் பொக்ஸ் வகையில் இரண்டு கப்பிகளுக்கு இடையில் ஓர் உலோகப் பட்டி ஓடுகிறது. அது வழுக்கத் தொடங்கினால் என்ஜின் இரைச்சல் ஏறும், வேகம் ஏறாது. இரட்டைக் கிளச் வகையில் நெரிசலில் ஊர்ந்து போகும்போது வாகனம் உதறும். கியர் மாறும்போது பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல் இருக்கும். என் சீவீடி காரில், கல்லடிப் பாலத்து நெரிசலில் நின்று புறப்படும்போதெல்லாம் ஒரு நடுக்கம் தெரிந்தது. விற்ற இடத்துக்கு அழைத்துச் சொன்னேன். “சீவீடி என்றால் அப்படித்தான் சேர், நீங்கள் மிதிக்கிற விதம்” என்றார்கள். நானும் என் காலையே குற்றஞ்சொல்லிக்கொண்டு இரண்டு மாதங்கள் ஓட்டினேன். பிறகு ஒருநாள், செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வழியில், லுணுகலை ஏற்றத்தில் மீற்றர் முள் 4,500 சுற்றில் நிற்க, வேகமுள் 25இல் இருந்து மெல்ல மெல்லச் சரிந்து பூச்சியத்துக்கு வந்தது. பிள்ளைகளை இறக்கி, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு, பிரேக்டவுன் லொறிக்காக நான்கு மணித்தியாலம் காத்திருந்தோம்.

“நீங்கள் ஓட்டும் விதம்” என்ற பதில் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இரட்டைக் கிளச் கியர் பொக்ஸ் பொருத்திய ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்கள் தொடர்பான முறைப்பாடுகளைக் கையாண்ட விதத்துக்காக, அவுஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றம் 2018இல் ஃபோர்டின் அந்நாட்டு நிறுவனத்துக்கு ஒரு கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. அங்கேயும் நடுக்கத்துக்குக் காரணம் சாரதியே என்றுதான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆகவே அந்தப் பதிலைக் கேட்டு அடங்கிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: நடுக்கம் தெரிந்த அன்றே, திகதியும் ஓடிய கிலோமீற்றரும் குறிப்பிட்டு, விற்றவருக்கு வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். பக்கத்தில் அமர்ந்திருப்பவரைக் கொண்டு, மீற்றர் பலகை தெளிவாகத் தெரியும்படி ஒரு நிமிடக் காணொளி எடுத்து வையுங்கள். தொலைபேசியில் பேசினால், பேசி முடித்தவுடன் “இன்று காலை நாம் பேசியபடி” என்று தொடங்கும் ஒரு குறுஞ்செய்தியை அனுப்புங்கள். என் முதல் இரண்டு மாத முறைப்பாடுகளுக்கு எந்தச் சான்றும் இருக்கவில்லை. பின்னர் நுகர்வோர் விவகார அதிகார சபையில் நடந்த விசாரணையில் அவை நடக்காதவையாகவே கொள்ளப்பட்டன.

2. யாரிடம் கோருவது என்பதை முடிவு செய்யுங்கள்

உற்பத்தி செய்த கம்பனி ஜப்பானில் இருக்கிறது. உங்களோடு ஒப்பந்தம் செய்தவர் இங்கே இருக்கிறார். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் ஜப்பானுக்கு மின்னஞ்சல் அனுப்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் புதிதாக வாங்கியிருந்தால் வழி நேரானது: உற்பத்தியாளரின் வொரன்டியை அவரே நிறைவேற்றக் கடமைப்பட்டவர். கார் சேலில் வாங்கிய இறக்குமதி வாகனமாயின், உற்பத்தியாளர் ஜப்பானுக்குள் கொடுக்கும் வொரன்டி கப்பலோடு கூட வருவதில்லை. சேல்காரர் எழுதிக் கொடுத்த வொரன்டி மாத்திரமே உங்கள் கையில் இருக்கும். அது சில வேளைகளில் “என்ஜினுக்கும் கியர் பொக்ஸுக்கும் ஒரு வருடம்” என்று பில்லின் மூலையில் பேனையால் எழுதிய ஒரு வரியாக இருக்கலாம். அந்த ஒரு வரியும் பெறுமதியானது. அந்தப் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தனியாளிடம் பாவித்த வாகனமாக வாங்கியவர்களுக்கு இவ்வழிகாட்டியின் பெரும்பகுதி உதவாது.

இணையத்தில் வெளிநாட்டு நட்டஈட்டுச் செய்திகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அமெரிக்காவில் ஃபோகஸ், ஃபியஸ்டா உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கின் இணக்கத்தை நீதிமன்றம் 2020இல் அங்கீகரித்தது. அதில் பங்கு அந்த நாட்டில் வாங்கியவர்களுக்கும் குத்தகைக்கு எடுத்தவர்களுக்குமே உண்டு. உங்கள் பெயரை அப்படியான பட்டியலில் சேர்த்துத் தருவதாகச் சொல்லி யாராவது வட்ஸ்அப்பில் பணம் கேட்டால், அது மோசடி.

அந்தச் செய்திகளுக்கு வேறொரு பயன் உண்டு. உங்கள் மாதிரிக்கு உற்பத்தியாளரே குறைபாட்டை ஒப்புக்கொண்டு, வாகனங்களைத் திருத்துவதற்காகத் திருப்பியழைப்பு (recall) அறிவித்திருந்தால், அது உங்கள் கோரிக்கைக்குப் பெரிய பலம். 2013 செப்டெம்பரில் ஜப்பானில் அறிமுகமான ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், 2014 ஒக்டோபர் வரையான காலத்துக்குள் ஐந்து தடவை திருப்பியழைக்கப்பட்டது. அவற்றில் சில அதன் இரட்டைக் கிளச் கியர் பொக்ஸைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் தொடர்பானவை, ஹொண்டாவின் வெசல் மாதிரியும் அவற்றில் அடங்கியது. நிசான் நிறுவனம் 2003 முதல் 2010 வரையான சில மாதிரிகளின் சீவீடிக்கு, 2009இல் அமெரிக்காவில் வொரன்டியைப் பத்து ஆண்டுகளாக அல்லது 120,000 மைலாக நீட்டியது. என் வாகனம் இவற்றுள் எதுவும் அன்று, உதாரணத்துக்காகவே சொல்கிறேன். ஜப்பான் உள்நாட்டுச் சந்தை வாகனமாயின், பெரிய உற்பத்தியாளர்களின் ஜப்பானிய இணையத்தளங்களில் சேசி இலக்கத்தை இட்டுத் திருப்பியழைப்பு உண்டா என்று பார்க்கலாம். அங்கு கேட்கப்படுவது 17 எழுத்து இலக்கமன்று. மாதிரிக் குறியீடும் ஒரு கோடும் ஆறு அல்லது ஏழு எண்களும் கொண்ட குறுகிய இலக்கம். பதிவுச் சான்றிதழில் உள்ளதை அப்படியே இடுங்கள்.

3. ஆவணங்களை முதலில் சேருங்கள்

ஒரு கோப்பு வாங்கி, பின்வருவனவற்றின் மூலப்பிரதிகளை அதில் வையுங்கள். எங்கு போனாலும் நிழற்பிரதியையே கொடுங்கள்.

விற்பனைப் பில், வொரன்டிப் புத்தகம், வாகனப் பதிவுச் சான்றிதழ், லீசிங் ஒப்பந்தம், பணம் செலுத்திய வங்கிச் சிட்டைகள், ஒவ்வொரு சேர்விஸுக்கும் பில்லும் ஜொப் கார்டும், பிரேக்டவுன் லொறியின் பற்றுச்சீட்டு, ரீகண்டிஷன் வாகனமாயின் ஏல அறிக்கையும் ஏற்றுமதிக்கு முந்திய பரிசோதனைச் சான்றிதழும்.

இவற்றில் நான்கு இடங்களில் சறுக்கல் உண்டு.

முதலாவது, பில்லில் உள்ள பெயர். வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை, பில்லில் வேறொரு கம்பனி, பணம் போனது மூன்றாவது ஒருவரின் தனிப்பட்ட கணக்குக்கு என்றால், விசாரணையில் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவரை முதலாவதாகவும் மற்றவர்களைத் தொடர்ந்தும் எல்லாக் கடிதங்களிலும் சேர்த்து எழுதுங்கள். கம்பனியாயின் அதன் பதிவு செய்யப்பட்ட முகவரியைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரை வைத்துத் தேடலாம்.

இரண்டாவது, பில்லில் உள்ள விலை. விலையைக் குறைத்துப் பில் போட்டால் இருவருக்கும் நல்லது என்று வாங்கும் நாளில் இனிக்க இனிக்கச் சொல்வார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில் அந்தக் குறைந்த தொகைதான் எழுத்தில் இருக்கும்.

மூன்றாவது, லீசிங். தவணை முடியும் வரை பதிவுச் சான்றிதழில் முழு உரித்தாளராக இருப்பது நிதிக் கம்பனி. வாகனத்தை மாற்றித் தருவதாகவோ திருப்பி எடுப்பதாகவோ முடிவு வந்தால் அவர்களின் சம்மதக் கடிதம் வேண்டும். அதைப் பெற எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஐந்து வாரங்கள் சென்றன. ஆகவே பழுது பற்றி அவர்களுக்கும் ஆரம்பத்திலேயே ஒரு கடிதம் கொடுங்கள். கார் கராஜில் கிடக்கிறது என்பதற்காகத் தவணையை நிறுத்தாதீர்கள். உங்கள் முறைப்பாடு விற்றவரோடு, கடன் நிதிக் கம்பனியோடு. தவணை தவறினால் வாகனமே பறிபோகும். அப்புறம் எதைக் காட்டி வழக்காடுவது?

நான்காவது, கியர் ஒயில். சீவீடிக்கு அதற்கென உள்ள ஒயிலே ஊற்றப்பட வேண்டும். சாதாரண ஒட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் பட்டி வழுக்கிக் கெடும். விற்றவரின் கராஜ் தொலைவில் என்று ஊரில் சேர்விஸ் செய்திருந்தால், ஊற்றிய ஒயிலின் பெயரும் தரக் குறியீடும் பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். “கியர் ஒயில்” என்று மட்டும் எழுதிய பில், உங்கள் பக்கம் நிற்காது.

காப்புறுதியை நம்பிக் காலத்தைக் கழிக்க வேண்டாம். முழுக் காப்புறுதியும் விபத்துச் சேதத்துக்கானதே. இயந்திரப் பழுது அதில் சேராது. இழுவைச் செலவுக்கு மட்டும் சில காப்புறுதிகளில் ஒரு சிறு தொகை இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

4. கியர் பொக்ஸைத் திறக்க விடாதீர்கள்

இதுவே மிகவும் பொல்லாத பொறி. வாகனம் நின்றதும், தெரிந்த கராஜ்காரர் நல்ல மனதோடு “கழற்றிப் பார்ப்போம் அண்ணன்” என்பார். ஒரு பூட்டாணி கழன்றாலும், வெளியாள் கைவைத்ததால் வொரன்டி இல்லை என்ற பதில் ஆயத்தமாக இருக்கும்.

கழற்றாமல் செய்யக்கூடியது ஸ்கேன். கணினியை இணைத்து, பதிவாகியுள்ள பழுதுக் குறியீடுகளை வாசித்து, திகதியும் கிலோமீற்றரும் தெரியும்படி அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். பி0700 என்ற குறியீடு, கியர் பொக்ஸின் கட்டுப்பாட்டுக் கணினி ஒரு பழுதைப் பதிந்து எச்சரிக்கை விளக்கை எரியச் சொன்னது என்பதை மாத்திரமே சொல்லும். உண்மையான பழுது எதுவென்பது அதனோடு சேர்ந்துள்ள மற்றக் குறியீட்டில் இருக்கும். இரண்டையும் எடுங்கள். “இறேஸ் பண்ணி ஓட்டிப் பார்ப்போம்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குறியீடுகளை அழித்தால் பழுது நேர்ந்த கணத்து வேகம், வெப்பம், சுற்று ஆகிய பதிவுகளும் அழிந்துபோகும். பற்றரி வயரைக் கழற்றுவதும் பல வாகனங்களில் இதையே செய்யும்.

முடிந்தால், விற்றவரோடு தொடர்பில்லாத, என்.வி.கியூ. போன்ற தகைமைச் சான்றிதழ் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் ஒரு பக்க அறிக்கை வாங்குங்கள். அவர் “உள்ளே இன்ன பாகம் உடைந்தது” என்று ஊகித்து எழுதத் தேவையில்லை. கண்டதை எழுதினால் போதும்: ஒயில் மட்டம் சரி, கசிவு இல்லை, அடியில் மோதிய அடையாளம் இல்லை, இன்ன குறியீடுகள் உள்ளன, டிரைவில் போட்டால் நகரவில்லை. அடியில் மோதிய அடையாளம் இல்லை என்ற அந்த ஒரு வரிதான், வயல் வீதியில் ஓட்டியதால் அடிபட்டிருக்கும் என்ற பேச்சை என் விசாரணையில் முதல் நாளே நிறுத்தியது. அறிக்கைக்கும் ஸ்கேனுக்கும் சேர்த்து 7,500 ரூபா கொடுத்தேன். நான் செலவழித்ததில் இதுவே உருப்படியான செலவு.

விற்றவரின் கராஜுக்கு வாகனத்தை அனுப்பும்போது, மீற்றரையும் உடலின் நான்கு பக்கங்களையும் படமெடுத்து, ஜொப் கார்டில் உங்கள் முறைப்பாடு நீங்கள் சொன்ன சொற்களிலேயே எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். எனக்கு “பொதுப் பரிசோதனை” என்று எழுதியிருந்தார்கள்; திருத்தச் சொன்னேன். லுணுகலையிலிருந்து ஆரையம்பதிக்கு 28,000 ரூபாவும், பிறகு கொழும்புக்கு 65,000 ரூபாவும் லொறிக்குப் போயின. இரண்டாவது பயணத்துக்கு முன், அச்செலவை யார் ஏற்பது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்குச் சான்று இருக்கும்.

5. கோரிக்கைக் கடிதம்

பதிவுத் தபாலில், கிடைத்ததற்கான ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். தனியார் கம்பனிக்கு ஆங்கிலத்தில் எழுதினால் வேகமாக நகரும். ஆனால் உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

“……ஆம் திகதி உங்களிடம் வாங்கிய, …… என்ற சேசி இலக்கமுடைய வாகனத்தின் கியர் பொக்ஸ், …… கி.மீ. ஓடிய நிலையில் ……ஆம் திகதி செயலிழந்தது. இதற்கு முன் ……ஆம் திகதி இதே குறை பற்றி உங்களுக்கு அறிவித்துள்ளேன். வொரன்டியின்படி கியர் பொக்ஸை முழுமையாகப் புதியதாக மாற்றித் தருமாறும், இழுவைச் செலவான …… ரூபாவை வழங்குமாறும் கோருகிறேன். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் தராவிடின், நுகர்வோர் விவகார அதிகார சபையில் முறையிடுவேன்.”

கோபத்தை இதில் கொட்ட வேண்டாம். என் முதல் வரைவு நான்கு பக்கம். என் மனைவி வாசித்துவிட்டு, “இதில் என்ன கேட்கிறீர்கள் என்பது மட்டும் இல்லை” என்றா. கேட்பது எது, எவ்வளவு, எப்போதைக்கு என்ற மூன்றும் இல்லாத கடிதத்துக்குப் பதில் எழுதுவது அவர்களுக்கு மிகவும் எளிது.

6. நுகர்வோர் விவகார அதிகார சபை: மூன்று மாதக் கணக்கு

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு இசையாத பொருள்களின் உற்பத்தி, விற்பனை பற்றி விசாரிக்க அச்சபைக்கு அதிகாரம் தருகிறது. விசாரணையின் பின்னர் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உற்பத்தியாளருக்கு அல்லது வர்த்தகருக்குக் கட்டளையிடலாம். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.

கவனிக்க வேண்டியது காலம். முறைப்பாடு எழுத்தில், பொருள் விற்கப்பட்ட அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பழுது தெரிந்த நாளிலிருந்து என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, வாங்கி ஐந்து மாதங்கள் கடந்த பின்னர் இதை வாசித்தபோது வயிறு கலங்கியது. ஆனால் “சேவை” என்ற சொல் அங்கே இருக்கிறது. என் கார் கொழும்பில் ஒருமுறை திருத்தப்பட்டு, ஒயில் மாற்றி, மென்பொருள் புதுப்பித்துக் கையளிக்கப்பட்டு, மூன்று வாரங்களில் கும்புறுமூலைச் சந்தியில் மீண்டும் உதறத் தொடங்கியது. அந்தத் திருத்த வேலையும் ஒரு சேவையே. சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும் என்ற உத்தரவாதம் அதே சட்டத்தின் 32ஆம் பிரிவில் இருக்கிறது. திருத்தம் முடித்த ஜொப் கார்டின் திகதியை வைத்து, இரண்டாம் மாதத்திலேயே முறைப்பாட்டைக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். உங்களுக்கு விற்பனைத் திகதியிலிருந்தே மூன்று மாதங்கள் முடியவில்லை என்றால், கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திராமல் முறைப்பாட்டையும் உடனே கொடுத்துவிடுங்கள்.

மட்டக்களப்பில் இதற்கான அலுவலகம் மாவட்டச் செயலகத்தில் உள்ளது. கச்சேரி இப்போது கோட்டைக்குள் இல்லை, திராய்மடுவில். அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலிருந்து அம்பாறை நகருக்குப் போகும் பயணம் ஒரு பகலைத் தின்னும் என்பதால், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தவர்கள் புறப்படுமுன் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து, எங்கே கொடுப்பது என்று கேட்டறியுங்கள். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். அது உங்கள் உரிமை. நீங்கள் வைத்துக்கொள்ளும் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

முதலில் இரு தரப்பையும் அழைத்துப் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். பெரும்பாலான வர்த்தகர்கள் அதுவரை காட்டாத மரியாதையை இந்த மேசையில் காட்டுவார்கள். தீராவிட்டால் விசாரணை கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதியில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போகலாம். அப்படியாயின் இரவு ரயிலில் போய், விசாரணை முடித்து, அன்றிரவே திரும்பலாம்; லீவு ஒரு நாளோடு முடியும். கட்டளையிட்ட பின்னும் கொடுக்காவிட்டால், அத்தொகையை நீதவான் நீதிமன்றத்தின் ஊடாகத் தண்டப்பணம்போல் அறவிட ஏற்பாடு உண்டு.

7. நீதிமன்றம்

சபையின் காலம் கடந்துவிட்டாலும் உரிமை முற்றாக அற்றுப்போவதில்லை. பொருள் விற்பனை பற்றிய 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், விற்கும் பொருள் அதன் நோக்கத்துக்கு ஏற்றதாகவும் விற்பனைத் தரமுள்ளதாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, அவற்றுக்குரிய சந்தர்ப்பங்களில், ஒப்பந்தத்தினுள் உட்கிடையாகச் சேர்க்கிறது. காலாவதி பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்துமூல ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகளும் எழுதாத ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுகளும் உண்டு. பில்லையும் வொரன்டியையும் பத்திரப்படுத்தச் சொன்னதன் இன்னொரு காரணம் இது. ஒப்பந்தம் மட்டக்களப்பில் செய்யப்பட்டிருந்தால் இங்கேயே வழக்கிடக்கூடும் என்பதால், எங்கே கையொப்பமிட்டீர்கள், எந்தக் கிளையில் பணம் கட்டினீர்கள் என்பதைச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். சிறிய தொகைக் கோரிக்கைகளுக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், அங்கே தீராவிட்டால் தீரவில்லை என்ற அத்தாட்சியைப் பெற வேண்டியிருக்கும். அங்கே கட்டணமும் இல்லை, சட்டத்தரணியும் தோன்ற முடியாது. வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தை நாடலாம்.

என் விடயம் நீதிமன்றம் வரை போகவில்லை. வழக்கென்றால் ஆண்டுக்கணக்கு, கார் அதற்குள் முற்றத்தில் துருப்பிடித்துவிடும். ஆகவே நுகர்வோர் விவகார அதிகார சபையின் மேசையில் முக்கால்வாசி கிடைத்தாலும் எடுத்துக்கொள்வதே புத்தி என்பது என் அபிப்பிராயம்.

8. கையொப்பமிடும் நாள்

எனக்குப் புதிய கியர் பொக்ஸும் இழுவைச் செலவில் பாதியும் கிடைத்தன. மாதக்கணக்கில் பஸ்ஸில் கல்முனைக்கு வேலைக்குப் போய்வந்ததற்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆரம்பக் கடிதத்தில் அதை நான் கேட்டிருக்கவுமில்லை.

இணக்கப் பத்திரத்தில் “இவ்வாகனம் தொடர்பில் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வாசகம் இருந்தது. “இன்று வரையான கியர் பொக்ஸ் பழுது தொடர்பில்” என்று மாற்றச் சொன்னேன்; அரைமணி நேரம் முணுமுணுத்துவிட்டு மாற்றினார்கள். பொருத்தியது புதியதா, பாவித்ததா என்பதும், அதன் தொடர் இலக்கமும், அதற்கான வொரன்டி பொருத்திய நாளிலிருந்து எவ்வளவு காலம் என்பதும் பில்லில் எழுதப்பட வேண்டும். இல்லையேல் பழைய வொரன்டியின் மிச்ச மாதங்களே மீதமாகும். பிறகு வாகனத்தைத் தட்டையான கொழும்பு வீதியில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். நாங்கள் கடுகண்ணாவை வரை போய், ஏற்றத்தின் நடுவில் ஒருமுறை நிறுத்திப் புறப்பட்டுப் பார்த்துவிட்டு, கராஜுக்குத் திரும்பி வந்த பின்னரே பேனையை எடுத்தோம்.